மறுநாள் விடிந்த பின்: சிதைந்த தாம்பத்தியத்தின் தொடர்கதைகள்

கணவன் மனைவியருக்கு இடையில் நம்பிக்கை முறிந்துபோன பின் அவர்களுடைய கதையை எப்படித் தொடர்வது என்ற கேள்விக்குத் தமிழில் காப்பியக் காலம் முதல் விடைகள் எழுதப்பட்டு வந்துள்ளன. பிரிந்தவர் கூடுவதோடும், கூடியவர் மாள்வதோடும், மாண்டவர் தெய்வமாவதோடும் நின்றுவிடும் கதைகள் ஏராளம். அவ்வாறு நின்ற இடத்துக்கு மறுநாள் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று கேட்டு, முந்தைய கதையின் மேலேயே இன்னொரு கதையை எழுப்பிய படைப்புகள் சிலவே. அவை பெரும்பாலும் முதற்கதையைவிட இருண்டவையாக இருக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது.

அன்பும் வதையும் பிரிக்கமுடியாதபடி பின்னிக்கிடக்கும் காதற்கதையை இன்றைய பதிப்பகத்தார் ‘டார்க் ரொமான்ஸ்’ என்று வகைப்படுத்துகின்றனர். அப்பெயர் அண்மைக்காலத்தது, அப்பொருள் மிகப் பழையது. ஒரு தம்பதியின் கதை முடிந்தபின் அதே தம்பதியை மீண்டும் எடுத்துக்கொள்ளும் தொடர்ச்சிப் படைப்புகளில் இப்பொருள் எவ்வாறு கையாளப்பட்டுள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இத்தொடர்ச்சிகள் இருண்டுபோவதற்குக் காதலின் தன்மையைக் காட்டிலும், திருமணத்திலிருந்து வெளியேறும் வழி அந்தந்தச் சமூகத்தில் எவ்வளவு திறந்திருந்தது என்பதே பெரிய காரணமாக இருக்கக்கூடும் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து. அக்கருத்தைச் சோதித்துப் பார்க்கச் சமவெளிப் படைப்புகள் மட்டும் போதா என்பதால், நீலகிரி மாவட்டத்தின் வடமேற்கில் மாயாற்றங்கரையில் இருக்கும் தெப்பக்காடும் அதைச் சூழ்ந்த மலைச் சமூகங்களின் மணமுறைகளும் பின்னர் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

காப்பியங்கள் தந்த விடை: வினையும் துறவும்

இரட்டைக் காப்பியம் என்று வழங்கும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் தமிழின் மிகப் பழைய தொடர்ச்சி முயற்சியாகக் கொள்ளத்தக்கவை. கோவலன் மாதவியிடம் சென்றதும், கடற்கரையில் பாடிய பாட்டைத் தவறாகப் பொருள்கொண்டு அவளை நீங்கியதும், பொருளிழந்து கண்ணகியிடம் திரும்பியதும் அறிந்த செய்திகள். அவ்விருவரும் தம்மிடையே நடந்ததைப் பற்றி மனம்விட்டுப் பேசும் இடம் மதுரைக்கு வெளியே ஆயர் குடியிருப்பில் வருகிறது. அங்கே கோவலன் தன் ஒழுக்கக்கேட்டை எண்ணி வருந்துகிறான்; கண்ணகியும் அவன் செய்தது சான்றோர் போற்றாத செயல் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறாள். அப்பேச்சு முடிந்த அன்றே அவன் சிலம்போடு நகருக்குள் சென்று கொலையுண்கிறான். சமாதானம் ஆனபின் அத்தம்பதி ஒரு முழுநாள்கூடக் குடும்பம் நடத்தவில்லை என்பதால், அந்தச் சமாதானம் தாங்கியிருக்குமா என்ற கேள்விக்கு இளங்கோ விடைசொல்லத் தேவை ஏற்படவில்லை.

மணிமேகலை அக்கேள்வியை அடுத்த தலைமுறைக்கு நகர்த்துகிறது. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளை இளவரசன் உதயகுமரன் விடாது தொடர்கிறான். அவன் முற்பிறப்பில் இராகுலன் என்ற பெயரில் அவளுக்குக் கணவனாக இருந்தவன் என்று காப்பியம் வெளிப்படுத்துகிறது. அவள் தன்னைக் காத்துக்கொள்ளக் காயசண்டிகையின் உருவை எடுக்க, காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் ஐயத்தால் உதயகுமரனை வெட்டி வீழ்த்துகிறான். விரும்பாதவளைத் தொடர்தல், கணவனின் ஐயம், ஆள்மாறாட்டம், கொலை என்று இன்றைய இருண்ட காதற்கதையின் பொருள்கள் பலவும் இப்பகுதியில் உள்ளன. காப்பியம் தரும் தீர்வோ பற்றை அறுத்தல் என்பதாகும். வஞ்சியில் மணிமேகலை காணும் கண்ணகிகூடத் தன் சினத்துக்குரிய பயனைத் தானும் நுகரவேண்டியிருப்பதைப் பேசுகிறாள். முதற்காப்பியத்தில் தெய்வமாக உயர்ந்தவளைத் தொடர்ச்சி மீண்டும் வினைக்கணக்குக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

மணிமேகலைக்குள்ளேயே ஆதிரை, சாதுவன் என்னும் தம்பதியின் கிளைக்கதை ஒன்று உண்டு. கணிகையிடம் பொருளிழந்து கடலோடிய கணவன் இறந்தான் என்று கேட்டுத் தீப்பாய்ந்தவளைத் தீ சுடவில்லை. கப்பல் உடைந்து நாகர் நாட்டில் கரையேறிய அவனும் உயிரோடு திரும்புகிறான். கோவலன் கதைக்கு நல்முடிவு தந்தால் எப்படியிருக்கும் என்று சாத்தனார் எழுதிப் பார்த்ததுபோல் இது தோன்றுகிறது. எனினும் இங்கும் திரும்பி வந்தவனை அவள் எவ்வாறு ஏற்றாள் என்பது பேசப்படவில்லை. அனைத்தையும் முற்பிறப்பின் வினையால் விளக்கும் முறையின் குறை இதுதான்: எவரும் எவருக்கும் பொறுப்பாளர் ஆவதில்லை என்பதால், மன்னிப்பு என்ற செயலுக்கே அங்கு வேலை குறைவு.

சாபம் நீங்கிய பிறகு

இராமன் முடிசூடுவதோடு கம்பர் தம் காப்பியத்தை முடித்தார். சீதை காட்டுக்கு அனுப்பப்படும் பகுதி தமிழில் ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்கும் உத்தரகாண்டத்தில் தனியே கிடைக்கிறது. தீக்குளித்து மீண்டவளை ஊர்ப்பேச்சுக்காக நாடுகடத்தும் இத்தொடர்ச்சி, சோதனையில் வென்றாலும் ஐயம் தீராது என்ற கசப்பான உண்மையைச் சொல்கிறது. கேட்போர் மனம் முடிசூட்டு விழாவோடு நின்றுவிட விரும்பியதில் வியப்பில்லை.

அந்த உண்மையை இருபதாம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டவர் புதுமைப்பித்தன். 1943இல் வெளிவந்த ‘சாபவிமோசனம்’ அகலிகை கல்லிலிருந்து பெண்ணாக மீண்ட பிறகு தொடங்குகிறது. அதாவது பழங்கதை முடியும் இடமே இங்குத் தொடக்கம். கௌதமன் அவளை ஏற்றுக்கொண்டுவிட்டான், அவளிடம் பரிவும் காட்டுகிறான், ஆனால் இருவருக்குமிடையே இயல்பு திரும்பவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளர்த்தம் இருக்குமோ என்ற அச்சம் அவளை வாட்டுகிறது. அவள் மனம் நோகாமல் பேசவேண்டுமே என்ற கவலை அவனைக் கட்டிப்போடுகிறது. மன்னிப்பவர், மன்னிக்கப்பட்டவர் என்ற நிலை வந்துவிட்டால் தம்பதி சமமாக இருக்கமுடியாது என்பதை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய தமிழ்க்கதை வேறு இருப்பது அரிது. பின்னர் சீதை தான் தீக்குளித்ததைச் சொல்லக் கேட்டதும் அகலிகை உள்ளம் இறுகி மீண்டும் கல்லாகிறாள். கௌதமன் துறவியாகி நடக்கிறான்.

இக்கதையைப் பெண்ணுரிமையின் குரலாகப் படிப்பது ஒரு மரபு. இராமாயணத்தின் மீதான மறுவிசாரணையாகப் படிப்பது இன்னொரு மரபு. இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் தொடர்ச்சி என்ற வடிவத்தின் நோக்கில் பார்த்தால், அகலிகையின் முடிவு பெரிய சிக்கலை எழுப்புகிறது. அவளுக்குப் போக்கிடம் இல்லை. கணவனோடு வாழமுடியாத நிலையில் அவள் செய்யக்கூடியது உணர்வற்றுப்போவது ஒன்றே என்று கதை சொல்லிவிடுகிறது. 1943இல் சாதி இந்துக் குடும்பத்துப் பெண்ணுக்கு, வழக்காறு இடங்கொடுக்காத நிலையில், மணமுறிவுச் சட்டம் இல்லை. தனித்து வாழவும் ஜீவனாம்சம் பெறவும் குறிப்பிட்ட காரணங்களுக்காக உரிமை தந்த சட்டம் 1946இல்தான் வந்தது. கல்லாதல் புராணத்திலிருந்து எடுத்த முடிவாக இருந்தாலும், எழுதப்பட்ட ஆண்டின் சட்டநிலைக்கும் அது பொருந்தவே செய்கிறது.

வாசகர் கேட்ட தொடர்ச்சி

தொடர்ச்சிகளை எழுத்தாளர் மட்டுமே தீர்மானிப்பதில்லை. ஆங்கிலத்தில் சாமுவேல் ரிச்சர்ட்சன் 1740இல் வெளியிட்ட ‘பமேலா’ நாவலில், வீட்டு எசமானன் வேலைக்காரப் பெண்ணை அடைத்துவைத்துத் தொல்லை தந்து, இறுதியில் மணந்துகொள்கிறான். பெரும் வரவேற்புப் பெற்ற அந்நூலுக்குப் பிறர் தாமாகவே தொடர்ச்சி எழுதி விற்கத் தொடங்கியதால், 1741இல் ரிச்சர்ட்சனே தம் தொடர்ச்சியை வெளியிட வேண்டியதாயிற்று. வதைத்தவன் திருந்திய கணவனாகிவிட்டான் என்று நிறுவுவதே அத்தொடர்ச்சியின் வேலையாக இருந்தது; அதனால் அது முதல் நூலின் உயிர்ப்பைப் பெறவில்லை என்பது பரவலான கணிப்பு.

தமிழில் இதற்கு இணையாக, ஆனால் நேர்எதிர்த் திசையில், நடந்தது ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’. 1966இல் ஆனந்த விகடனில் வந்த அச்சிறுகதையில், மழை நாளொன்றில் காரில் ஏற்றிச் சென்றவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரி மாணவியின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, இதோடு அது கழுவப்பட்டுவிட்டது என்று தேற்றுகிறாள். எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. வேறு முடிவுகளை எழுதிப் பார்த்தோரும் இருந்தனர். ஜெயகாந்தன் தினமணி கதிரில் எழுதி 1970இல் நூலான ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’, எதிர்த்தவர்கள் விரும்பிய முடிவையே எடுத்துக்கொள்கிறது. இங்கே தாய் மன்னிக்கவில்லை. அலறி ஊரைக் கூட்டிவிடுகிறாள். அந்த மாணவி, கங்கா, வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகிறாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சிறுகதையை அவளே அச்சில் படிக்கும்படியும் நாவல் அமைக்கப்பட்டுள்ளது. முதற்கதையை ஒரு கற்பனையாகவும், தொடர்ச்சியை அதன் உண்மை வடிவாகவும் மாற்றிக் காட்டும் இந்த உத்தி, ஊராரின் தீர்ப்பை நடைமுறைப்படுத்தினால் ஒரு பெண்ணின் வாழ்வு என்னவாகும் என்று அந்த ஊராரிடமே கொண்டுபோய்க் காட்டியது. நாவலுக்கு 1972ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 1977இல் பீம்சிங் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது.

இந்நாவலில் விவாதத்துக்குரிய பகுதி கங்கா தன்னைக் கெடுத்த மனிதனான பிரபுவைத் தேடிக் கண்டுபிடித்து அவனோடு பழகத் தொடங்குவதாகும். பிரபு மணமானவன், குடும்பம் உள்ளவன், பலவீனன். அவர்களுக்கு இடையில் வளர்வது காதலா, ஊர் சூட்டிய பெயரை அவளே முன்வந்து எடுத்துக்கொள்ளும் எதிர்ப்பா, அல்லது தனிமையா என்பதை நாவல் தீர்த்துச் சொல்வதில்லை. ஒருவகைத் திறனாய்வு இதைப் பெண்ணின் துணிச்சலாகக் காண்கிறது. மற்றொரு வகை, கெடுத்தவனைச் சுற்றியே அவள் வாழ்வு முழுவதும் சுழலவேண்டும் என்ற பழைய கற்புக் கோட்பாடே வேறு உடையில் திரும்பி வந்திருப்பதாகக் கருதுகிறது. இரண்டாவது கருத்துக்கு மூன்றாம் நூலான ‘கங்கை எங்கே போகிறாள்’ வலுச்சேர்க்கிறது என்றே சொல்லவேண்டும். திருந்திய பிரபுவை மீண்டும் கங்காவின் வாழ்வில் கொண்டுவரும் அந்நாவலில், முந்தைய நூலின் கூர்மையான தெளிவின்மை மங்கி, பரிகாரம் போன்றதோர் அமைதி படிகிறது. ரிச்சர்ட்சனுக்கு நேர்ந்தது வேறு வழியில் ஜெயகாந்தனுக்கும் நேர்ந்தது எனலாம்.

ஒரு முடிவுக்கு இரண்டு தொடர்ச்சிகள்

முறிந்த தாம்பத்தியத்தின் கதையை எப்படித் தொடர்வது என்ற கேள்விக்குத் தமிழில் இதுவரை வந்த விடைகளுள் வடிவ அளவில் மிகத் துணிச்சலானது பெருமாள்முருகனுடையது. 2010இல் வெளிவந்த ‘மாதொருபாகன்’ விடுதலைக்கு முந்தைய கொங்கு நாட்டுக் குடியானவத் தம்பதியான காளி, பொன்னா இருவரின் கதையைச் சொல்கிறது. மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் பிள்ளை இல்லை. ஆனால் அவர்களிடையே அன்பும் உடல் ஈர்ப்பும் குன்றவில்லை. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் இறுதி நாளில், பிள்ளையற்ற பெண் முன்பின் அறியாத ஆணோடு கூடிப் பெறும் குழந்தை தெய்வம் தந்த குழந்தை என்று கருதப்பட்ட வழக்கத்தை நாவல் புனைந்துகொள்கிறது. காளி இசைந்துவிட்டான் என்று நம்பவைக்கப்பட்டுப் பொன்னா அங்கே போகிறாள், அவன் இசையவில்லை. இந்த உண்மை அவனுக்குத் தெரியவரும் நொடியில் நாவல் நின்றுவிடுகிறது.

ஏமாற்றியவர்கள் இருவரின் மீதும் அன்புகொண்ட உறவினர். ஏமாந்தவர்கள் கணவனும் மனைவியும். ஆகவே இங்குத் துரோகம் என்ற சொல்லுக்குச் சரியான உரிமையாளர் இல்லை. இருந்தும் காளிக்கு அது துரோகமாகவே படுகிறது. அடுத்து என்ன என்ற கேள்விக்கு 2014 இறுதியில் இரண்டு நாவல்கள் ஒருசேர வந்தன. ‘ஆலவாயன்’ காளி தூக்கிட்டு இறந்துவிட்டான் என்று கொள்கிறது; ‘அர்த்தநாரி’ அவன் பிழைத்துவிட்டான் என்று கொள்கிறது. ஒரே விதையிலிருந்து ஒன்றையொன்று மறுக்கும் இரு கதைகள். எது உண்மையில் நடந்தது என்பதற்கு ஆசிரியர் தீர்ப்பு வழங்கவில்லை.

‘ஆலவாயன்’ ஆணில்லாத வீட்டின் கதை. பொன்னாவும் மாமியார் சீராயியும் காட்டையும் மாடுகளையும் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பொன்னாவின் வயிற்றில் இருப்பது காளியின் பிள்ளைதான் என்று ஊரும் ஏற்கவேண்டும். குற்ற உணர்வும் துக்கமும் உழவு வேலையில் மெல்லக் கரைவதை நாவல் பொறுமையாகச் சொல்கிறது. துக்கமே மையமாக இருந்தும், அந்நூலில் ஒருவகை வெளிச்சம் இருப்பதற்குக் காரணம் பெண்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிப்பதாகும். உயிரோடு காளி இருக்கும் ‘அர்த்தநாரி’யே இரண்டில் இருண்டது. அவன் அடிப்பதில்லை, வைவதில்லை, தள்ளிவிடுவதும் இல்லை. தொண்டுப்பட்டியில், அதாவது மாடுகளை அடைக்கும் தன் பட்டியில், தங்கிக்கொண்டு அவளோடு பேசாமல் இருக்கிறான். அவள் காத்திருப்பும், அவன் வாய்திறவாமையும், இருவருக்கும் இடையில் இன்னும் அணையாத விருப்பமும் சேர்ந்து பேச்சின்மையை ஒரு வதைக்கருவி ஆக்குகின்றன. கணவன் இறந்த நாவலைவிடக் கணவன் பிழைத்த நாவல் கொடியதாக இருப்பது ஆசிரியர் வேண்டுமென்றே செய்ததாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இரண்டையும் படித்தவர்க்கு அந்த ஒப்பீட்டிலிருந்து தப்ப வழியில்லை.

திருமணம் என்ற ஏற்பாட்டுக்கு வெளியே வாழத் தெரிந்த நல்லுப்பையன் சித்தப்பா போன்றோர் இக்கதையுலகில் உண்டு, அவர்கள் ஆண்கள். பொன்னாவுக்கு அப்படியொரு வாழ்க்கை எந்த நூலிலும் முன்வைக்கப்படுவதில்லை. விதவையாவதும் காத்திருப்பதுமே அவளுக்கு உள்ள இரு வாய்ப்புகள். இரட்டைத் தொடர்ச்சி என்ற புதுமையான வடிவமும் அவளுக்கு மூன்றாவதொரு வழியைக் கண்டுபிடிக்கவில்லை என்பதை ஒரு குறையாகச் சொல்லலாம். அக்காலத்து அச்சமூகத்தில் அவ்வழி இல்லை என்பதை நேர்மையாகக் காட்டியிருக்கிறார் என்றும் சொல்லலாம். இக்கட்டுரை இரண்டாவதன் பக்கம் சற்றுச் சாய்கிறது.

முதல் நாவலுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் தொடங்கிய போராட்டமும், 2015 ஜனவரியில் நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தையும், அதன்பின் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று பெருமாள்முருகன் விடுத்த அறிவிப்பும், 2016 ஜூலை 5இல் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக அளித்த தீர்ப்பும் விரிவாக எழுதப்பட்டுவிட்டன. இங்கு குறிக்கவேண்டியது ஒன்றே: வாதம் முழுவதும் அந்தத் திருவிழா இரவைப் பற்றியே நடந்தது, அந்த இரவுக்கு அத்தம்பதி கொடுத்த விலையைப் பற்றிய இரு நூல்கள் அப்போது அச்சாகிக் கையில் இருந்தும் அவை பெரிதும் பேசப்படவில்லை.

வதைக்கும் நாயகன்

வெகுசன நாவல்களில் இதே பொருள் வேறு கணக்கில் இயங்குகிறது. இணையத்திலும் மாத நாவல்களிலும் ‘ஆன்டி ஹீரோ’ கதை என்று வாசகியரே குறிப்பிடும் வகையில், பழிதீர்க்கவோ கட்டாயத்தாலோ நாயகியை மணக்கும் நாயகன் அவளை இழிவுபடுத்துகிறான். பின்னர் உண்மை தெரிந்து உருகுகிறான். முதற்பாகம் வதையையும், இரண்டாம் பாகம் மன்னிப்பையும் எடுத்துக்கொள்வது வழக்கம். இத்தகைய கதைகள் கொடுமையைக் காதலாக்குகின்றன என்ற குற்றச்சாட்டு உலகெங்கும் உள்ளது.

அமெரிக்கப் பெண் வாசகர்களை நேரில் கண்டு ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ஆய்வு இதை ஒற்றைப்படையாகப் பார்க்கவேண்டாம் என்று எச்சரித்தது: படிப்பதே அப்பெண்கள் தமக்கென ஒதுக்கிக்கொண்ட நேரமாக இருந்தது, ஆணின் முரட்டுத்தனத்தை மறைந்த அன்பின் அடையாளமாகப் படித்து அவர்கள் ஆறுதல் தேடினர். ஆனால் அதே ஆய்வு, அந்த ஆறுதல் வாசகியரை இருக்கும் நிலையோடு சமரசப்படுத்தவும் கூடும் என்று ஐயுற்றது. அண்மையில் கொலீன் ஹூவர் 2016இல் எழுதிய நாவலில் அடிக்கும் கணவனை நாயகி விட்டுவிலகுகிறாள். 2022இல் வந்த தொடர்ச்சி அவள் விலகிய பிறகு வேறொருவரோடு தொடங்கும் வாழ்வைச் சொல்கிறது. விலக முடிந்த இடத்தில் தொடர்ச்சியின் இருள் குறைகிறது என்பதற்கு இது ஓர் எளிய சான்று. கதையின் சுவையும் கூடவே குறைந்துவிடுகிறதா என்பது வேறு கேள்வி.

தெப்பக்காட்டிலிருந்து பார்த்தால்

இதுவரை பேசப்பட்ட தம்பதியர் அனைவரும், ஹூவரின் நாயகி நீங்கலாக, கதவடைத்த வீட்டுக்குள் இருப்பவர்கள். நீலகிரி மலையில் இந்தக் கதவு வேறு விதமாக அமைந்திருந்தது என்பதற்கு இனவரைவியல் நூல்களில், அதாவது ஒரு சமூகத்தோடு தங்கி அதன் வாழ்க்கைமுறையை எழுதிவைக்கும் நூல்களில், பல சான்றுகள் உள்ளன. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள், மைசூர்ச் சாலையும் மசினகுடிச் சாலையும் பிரியுமிடத்தில் உள்ள தெப்பக்காடு யானைகள் முகாமால் அறியப்படுவது. அங்கும் சுற்றிலும் வாழ்வோர் காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர், இருளர் முதலியோர். 1970களின் இறுதியிலிருந்து நீலகிரி-வயநாட்டுப் பகுதி நாயக்கரிடையே ஆய்வுசெய்த நூரிட் பேர்டு-டேவிட்டின் எழுத்துகளிலிருந்து, பெரிய சடங்கின்றி இருவர் ஒன்றாகத் தங்கத் தொடங்குவதே அவர்களிடையே மணமாகக் கருதப்பட்டது என்று அறிகிறோம். சேர்வதற்குச் சடங்கு வேண்டாத இடத்தில் பிரிவதற்கும் பெரிய ஏற்பாடு தேவைப்படுவதில்லை.

உயரத்தில் வாழும் தோடரைப் பற்றி 1906இல் ரிவர்ஸ் எழுதிய நூல், சகோதரர் பலர் ஒருத்தியை மணப்பதையும், ஒருவரின் மனைவியை மற்றொருவர் எருமைகளை ஈடாகத் தந்து பெறுவதையும், சூலுற்ற காலத்தில் வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கே குழந்தையின் தந்தை யார் என்பதை நிலைநாட்டியதையும் பதிவுசெய்கிறது. பொன்னாவின் வயிற்றுப்பிள்ளை யாருடையது என்று ஒரு நாவல் முழுக்கக் கொங்கு ஊர் பார்த்துக்கொண்டிருக்க, சில மணிநேரப் பயணத் தொலைவில் அதே கேள்வி ஒரு வில்லால் தீர்க்கப்பட்டுவந்தது. படகரிடையேயும் மணமுறிவும் மறுமணமும் இயல்பாக ஏற்கப்பட்டன. மனைவி கருவுற்ற பின் கணவன் நூல்கட்டும் ‘கண்ணி கட்டோது’ சடங்கே மணத்தை உறுதிப்படுத்துவதாக இருந்தது. படகர் வாழ்வைச் சமவெளி வாசகர்க்கு அறிமுகப்படுத்திய ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ 1963இல் வந்தது.

சட்டமும் இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொண்டிருக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், மத்திய அரசு அறிவிக்கை செய்தாலொழியப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. எனவே தெப்பக்காட்டுக் காட்டுநாயக்கர் தம்பதிக்கு அவர்கள் வழக்காறே சட்டம். அப்பட்டியலில் இல்லாத படகருக்கு அச்சட்டம் பொருந்தும் என்றாலும், வழக்காற்றின்படி நடக்கும் மணமுறிவை அதன் 29ஆம் பிரிவு காப்பாற்றுகிறது.

இவற்றைக்கொண்டு மலைமக்கள் வாழ்வில் துயரக் காதல் இல்லை என்று முடிவுகட்டுவது பிழையாகும். பிரிவு எளிதாக இருப்பதால் வன்முறை இல்லாமல் போவதில்லை. தோடர்ப் பெண்ணை ஒருவரிடமிருந்து மற்றொருவர் பெற்றபோது அவள் விருப்பம் எந்த அளவுக்குக் கேட்கப்பட்டது என்பதும் தனியே ஆராயவேண்டியது. வெள்ளைக்கார ஆய்வாளர் பலர் தம் நாட்டுத் திருமண ஒழுக்கத்தை அளவுகோலாகக் கொண்டு இங்குக் கண்டதை ‘தளர்ச்சி’ என்றெழுதினர்; அதற்கு எதிராக இன்று அதையே ‘விடுதலை’ என்று கொண்டாடுவதும் அதே அளவுகோலைத் திருப்பிப் பிடிப்பதுதான். உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு: பிரிந்து மறுபடி மணக்க முடிந்த சமூகத்தில், முறிந்த தம்பதியின் கதை அதே தம்பதியின் கதையாகவே நீளவேண்டிய கட்டாயம் தளர்கிறது. தெப்பக்காட்டை உலகறியச் செய்து 2023இல் ஆஸ்கர் விருது பெற்ற ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படத்தில் தாயற்ற யானைக்குட்டிகளை வளர்க்கும் பொம்மனும், முன்பே ஒரு கணவரை இழந்திருந்த பெள்ளியும் நடுவயது கடந்து மணந்துகொள்கின்றனர். படத்தில் அது விளக்கம் தேவைப்படாத இயல்பான நிகழ்ச்சியாக வருகிறது. கொங்கு நாட்டுப் பொன்னாவுக்கு அது கிட்டாத ஒன்று.

தமிழ்த் திரைப்படம் இதே மலையைத் தன் நிறைவேறாக் காதல்களுக்கு உரிய களமாக்கிக்கொண்டது ஒரு முரண். 1982இல் வந்த பாலுமகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ கேத்தி ரயில் நிலையத்தில் முடிகிறது. அதற்குத் தொடர்ச்சி எழுதப்படவில்லை என்பது அப்படத்தின் நற்பேறு.

திறந்திருக்கும் கேள்விகள்

வெளியேறும் வழியே தொடர்ச்சியின் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்ற கருத்துக்குத் தமிழுக்கு வெளியிலும் துணை உண்டு. இப்சன் 1879இல் எழுதிய ‘பொம்மை வீடு’ நாடகத்தில் நோரா கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுகிறாள். ஜெர்மானிய மேடைக்காக அவள் தங்கிவிடும் முடிவை இப்சனே மனமின்றி எழுதிக்கொடுக்க நேர்ந்தது. 1923இல் பெய்ஜிங்கில் பெண்களிடையே உரையாற்றிய சீன எழுத்தாளர் லூ சுன், வெளியேறிய நோராவுக்கு அடுத்து என்ன ஆகும் என்று கேட்டு, கையில் பணமில்லாவிட்டால் அவள் சீரழிவாள் அல்லது திரும்பி வருவாள் என்று விடைசொன்னார். கதவு திறந்திருப்பது மட்டும் போதாது, வெளியே நிற்க நிலமும் வேண்டும் என்ற இவ்விடை ‘ஆலவாயன்’ நாவலோடு பொருந்துகிறது. பொன்னாவைக் காப்பாற்றுவது காடும் மாடும்தான்.

எனினும் இக்கருத்துக்குத் தடையாக நிற்கும் செய்திகளும் உள்ளன. இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் இருவரும் இசைந்து மணமுறிவு பெறும் வழி 1976 முதல் இருக்கிறது. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை உச்சநீதிமன்றம் 2018இல் நீக்கியது. மீளமுடியாதபடி முறிந்த திருமணத்தைத் தானே கலைக்கலாம் என்று 2023இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கதவு இவ்வளவு திறந்த பின்னும் கட்டாயத் திருமணக் கதைகளுக்கு வாசகியர் குறையவில்லை. ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ படத்துக்குப் பத்தாண்டு கழித்து 2020இல் கௌதம் மேனன் எடுத்த குறும்படத்தில் பழைய காதலர்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டதற்கே, மணமான பெண் அப்படிப் பேசலாமா என்ற வாதம் எழுந்தது. சட்டம் திறந்த வழியை ஊர்வழக்கு அடைத்துவைத்திருக்கிறது என்று இதற்கு விடை கூறலாம். அல்லது வதைபட்ட அன்பில் மனிதருக்குள்ள ஈர்ப்பு சட்டத்தையும் வழக்கையும் சாராத ஒன்று என்றும் கூறலாம். இரண்டாவது விடை சரியானால், இங்கு முன்வைத்த கருத்தின் பாதி வலு போய்விடும். ‘அர்த்தநாரி’யில் பேசாமல் இருக்கும் இருவரிடையே விருப்பம் அணையாமல் இருப்பதை அந்த விடையே எளிதில் விளக்குகிறது.

காளி இறந்த நூலையும் பிழைத்த நூலையும் எந்த வரிசையில் படிக்கவேண்டும் என்று ஆசிரியர் விதிக்கவில்லை. இறுதியில் படித்த நூலே பொன்னாவுக்கு உண்மையில் நேர்ந்ததாக ஒவ்வொரு வாசகர் மனத்திலும் தங்கிவிடுகிறதா, அல்லது இரண்டும் அருகருகே நிற்கின்றனவா என்பதைப் பொறுத்தே இரட்டைத் தொடர்ச்சி ஒரு விடையா, விடையை ஒத்திவைக்கும் உத்தியா என்று சொல்லமுடியும்.